வேட்டைப் பையில் தண்ணீரை எங்கே வைக்கிறீர்கள்? சாமான் அடுக்கும் முறையும் சேர்த்துச் சொல்லுங்கள்

#1 ஓடைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் மான் வேட்டைக்குப் போயிருந்தேன். பை 45 லிட்டர், முதுகுப் பக்கம் பையைத் தாங்கும் ஃபிரேம் (சட்டம்) உள்ளது. தண்ணீருக்கு 3 லிட்டர் பிளாடர் (குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கும் மெல்லிய தண்ணீர்ப் பை) ஒன்று மட்டும்தான். முதல் நாள் சாயங்காலம் சரிவில் இறங்கும்போது முதுகு ஜில்லென்று இருந்தது. வியர்வைதான் என்று நினைத்து மேலே நடந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பையை இறக்கினால், குழாய் பிளாடரோடு சேருகிற இடம் கழன்று கிடக்கிறது. மாற்று உடை, தூங்கும் பை, காலுறை எல்லாம் ஊறிவிட்டன. குடிக்க மிஞ்சியது ஒரு டம்ளர் தேறும்.

இருட்டுகிற நேரம். ஹெட்லேம்ப்பைத் தேடி ஈரத்துணி ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துச் சருகின் மேல் போட்டேன். கடைசியில் அது பையின் அடியில், அடுப்புக்கும் கீழே இருந்தது. அதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. ஸ்விட்சை அழுத்தக்கூடப் பல்லால் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த இரவே நடந்து வண்டிக்குத் திரும்பிவிட்டேன். குளிர் இன்னும் கொஞ்சம் கடுமையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிளாடரை விட்டுவிட்டு பாட்டிலுக்கு மாறுவதா? மாறினால் எத்தனை, எங்கே வைப்பது? நீங்கள் உள்ளே எந்த வரிசையில் அடுக்குகிறீர்கள்?

#2 வில்நாண்

நல்லபடியாகத் திரும்பி வந்தீர்களே, அதுவே போதும். ஆனால் பிளாடரை விட்டுவிடாதீர்கள். நான் வில் வேட்டைக்காரன். மானுக்கு 25 மீட்டருக்குள் போக வேண்டும். அந்தத் தூரத்தில் பாதி காலியான பாட்டில் களக் களக்கென்று ஆடினால் அன்றைய நாள் முடிந்தது. பிளாடரில் அந்தச் சத்தத்தை முழுக்க நிறுத்தலாம். நிரப்பி மூடியதும் தலைகீழாகத் திருப்புங்கள். குழாய் சேரும் வாய் மேலே வரும், காற்றும் அங்கே சேரும். அந்தக் காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள். உள்ளே காற்றே இல்லையென்றால் தண்ணீர் குலுங்க இடமில்லை. குடிக்கக் குடிக்கப் பையும் சுருங்கிக்கொண்டே வரும்.

இன்னொன்று, பாட்டிலை எடுக்கக் கையை பின்னால் நீட்ட வேண்டும். குழாய் என்றால் தலையைத் திருப்பினால் போதும். மான் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

#3 மான்தடம்

தம்பி ஓடைக்கரை, பிளாடர் ஒழுகியது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, எல்லாத் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் வைத்தது. எது வைத்திருந்தாலும் இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஒன்று போனாலும் மற்றது இருக்கும்.

நான் பிளாடரை விட்டுப் பல வருஷம் ஆகிறது. காரணங்கள்: உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாது, கடைசிச் சொட்டு வரும்போதுதான் தெரியும். ஓடையில் நாலு விரல் ஆழம்தான் தண்ணீர் ஓடுகிறது என்றால் பிளாடரை முக்கி நிரப்பவே முடியாது. அப்படியே நிரப்பினாலும் அடைத்து வைத்த பைக்குள் திரும்ப நுழைக்க பாதிச் சாமானை வெளியே எடுக்க வேண்டும். அகல வாய் பாட்டில் இருந்தால் மூடியாலேயே மொண்டு ஊற்றலாம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, அதை யாராலும் குறைக்க முடியாது. குறைக்க முடிவது பாத்திரத்தின் எடையை மட்டும். கடையில் வாங்கும் சாதாரணத் தண்ணீர் பாட்டில் 40 கிராம்கூட இருக்காது. கெட்டியான 1 லிட்டர் நல்ஜீன் பிளாஸ்டிக் பாட்டில் 180 கிராம் அளவில் வரும். நான் இரண்டிலும் ஒவ்வொன்று வைத்திருக்கிறேன். கெட்டியானதில் கொதிநீர் ஊற்றலாம் என்பதால் அந்த எடையைச் சுமக்கிறேன்.

#4 வில்நாண்

மான்தடம் எழுதியது: "உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாது"

அண்ணே, இது உண்மைதான், மறுக்கவில்லை. அதற்காகத்தான் அரை லிட்டர் பாட்டில் ஒன்றை முழுதாக நிரப்பித் தனியே வைத்திருப்பேன். பிளாடர் தீர்ந்தால் அதுதான் திரும்புவதற்கான தண்ணீர், அதற்கு முன் தொட மாட்டேன். பாட்டில் முழுக்க நிறைந்திருப்பதால் சத்தமும் வராது.

#5 பனிச்சரிவு

குளிரில் வேட்டையாடுபவர்களுக்காகச் சொல்கிறேன். பூஜ்யத்துக்குக் கீழே போனால் முதலில் உறைவது குழாய்தான். குடித்து முடித்ததும் ஊதி, குழாயில் இருக்கும் தண்ணீரைத் திரும்ப பிளாடருக்கே அனுப்பிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை மறந்தால் போதும், வாய்முனை கல்லாகிவிடும். முதுகில் 2 லிட்டர் தண்ணீர் இருக்க, ஒரு வாய் குடிக்க வழியில்லாமல் நடந்திருக்கிறேன்.

பாட்டிலைக் குளிரில் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலேதான் முதலில் கட்டும். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். பாட்டில் கவிழ்ந்திருந்தால் பனி மேலே இருக்கும் அடிப்பக்கத்தில் கட்டும், மூடி திறக்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், ராத்திரி தூங்கும் பைக்குள். நுண்குழல் ஃபில்டர் (மெல்லிய குழல் இழைகள் வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது) ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போலவே வரும். ஆனால் வடிகட்டாத தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

#6 ஓடைக்கரை

எல்லோருக்கும் நன்றி. தலைகீழ் பாட்டில் எனக்குப் புதுசு. அடுக்கும் முறை பற்றி யாராவது சொல்லுங்களேன். கனமானது கீழே என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

#7 மான்தடம்

கனமானது கீழே போனால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும். கனம் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். அடியில் தூங்கும் பை, மாற்று உடை. எடையின் பெரும்பகுதியை இடுப்பு பெல்ட் தாங்க வேண்டும், தோள்பட்டி பையைச் சாயாமல் பிடித்துக்கொள்ளத்தான். பாதையில்லாத செங்குத்தில் ஏறுவதானால் கனத்தை இன்னும் ஒரு சாண் கீழே இறக்குங்கள், கால் தடுமாறாது.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. நாமெல்லாம் பையைப் போகும்போது வசதியாக இருக்கும்படிதான் அடுக்குகிறோம். வேட்டைப் பைக்கு அது போதாது. மலையேறுபவன் பை திரும்பும்போது இளைத்து வரும். நம்முடையது, வேட்டை கிடைத்தால், இரண்டு மடங்கு மூன்று மடங்கு கனத்துத் திரும்பும். நடுத்தர மான் ஒன்றை எலும்பு நீக்கினாலே என் கையில் 25 கிலோ அளவுக்கு வந்திருக்கிறது. அந்தக் கறி எங்கே போகும்? ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவில். அதுதான் சரியான இடம், முதுகை ஒட்டி இருக்கும். ஆனால் கறி உள்ளே போனதும் பை முழுவதும் ஒரு சாண் பின்னால் தள்ளப்படுகிறது. காலையில் முதுகை ஒட்டி வைத்த 3 லிட்டர் தண்ணீர் இப்போது முதுகை விட்டுத் தள்ளி நின்று உங்களைப் பின்னால் இழுக்கும். பிளாடர் ஃபிரேமிலேயே மாட்டியிருந்தால் கறிக்கும் முதுகுக்கும் நடுவில் நசுங்கும். வார்களை இறுக்கியதும் பக்கவாட்டு பாட்டில் பைகளும் அமுங்கிப்போகும், பாட்டிலைச் செருகவும் முடியாது, உருவவும் முடியாது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: முதுகில் கறி ஏறினபிறகு தண்ணீரை எப்படிக் குடிப்பேன்? அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக இடம் பிடிக்கும்.

#8 வில்நாண்

அண்ணே, நீங்கள் சொல்வதே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. 35 கிலோவை முதுகில் ஏற்றியபிறகு பாட்டிலுக்காக யார் பையை இறக்கி ஏற்றுவார்கள்? எழுந்திருக்கவே ஒரு மரத்தைப் பிடிக்க வேண்டும். அலுப்பில் குடிக்காமலே நடப்போம். தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற நேரமே அதுதான். குழாய் இருந்தால் நடந்தபடியே குடிக்கலாம்.

#9 மான்தடம்

குழாய் எட்டினால்.

#10 மருந்துப்பெட்டி

நான் செவிலியர், வேட்டைக்கும் போகிறேன். இரண்டு பேரும் சொல்லாத ஒன்று: கறி அறுக்கும்போது அந்தக் குழாயின் வாய்முனை எங்கே தொங்குகிறது? நெஞ்சுக்கு நேராக. குனிந்து வயிற்றைக் கீறும்போது அது சரியாக ரத்தத்தின் மேல்தான் தொங்கும். குடலில் ஈ.கோலை பாக்டீரியா இருக்கலாம். கையுறையோடு அதைத் தள்ளிவிடுவீர்கள், பத்து நிமிஷம் கழித்து அதையே வாயில் வைப்பீர்கள். வேலை தொடங்குமுன் பையைக் கழற்றித் தள்ளி வையுங்கள், வாய்முனைக்கு மூடி போடுங்கள். பாட்டிலுக்கும் இதேதான். கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவாமல் மூடியைத் தொடாதீர்கள். கை கழுவ ஒரு கால் லிட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்றும் கேள்வி வரும். மிதமான நடைக்கு மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்கலாம். வெயிலில் பாரம் தூக்கினால் 15-20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி அளவு. ஆனால் மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போகும். தண்ணீர் பத்தாததால் வரும் மயக்கம் என்று நினைத்து இன்னும் குடிக்க வைப்பார்கள், அது ஆபத்து. நடுவில் உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள்.

உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு வையுங்கள். எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பொட்டலத்திலேயே இருக்கும், பெரும்பாலும் 1 லிட்டர். அதற்கு அளவுக் கோடு போட்ட பாட்டில் வேண்டும். பிளாடரில் கரைக்காதீர்கள். இனிப்பு பட்ட குழாயில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

#11 ஓடைக்கரை

அக்கா, வாய்முனை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. போன வருஷம் நான் செய்தது அப்படியே நீங்கள் எழுதியதுதான். பிறகு இரண்டு நாள் வயிறு சரியில்லை. அதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

#12 புதுநடை

இடையில் ஒரு கேள்வி. ஓடைத் தண்ணீரை நம்பிக் குறைவாக எடுத்துப் போகலாமா? ஃபில்டர் போதுமா, மாத்திரையும் வேண்டுமா?

#13 பனிச்சரிவு

ஓடை அந்த மாதத்தில் ஓடுகிறதா என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். வரைபடத்தில் நீலக்கோடு இருப்பதால் தண்ணீர் இருக்கும் என்று அர்த்தமில்லை.

0.1 மைக்ரான் நுண்குழல் ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா, கிரிப்டோ போன்ற வயிற்றைக் கெடுக்கும் ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும். வைரஸை நிறுத்தாது, அது இன்னும் சின்னது. மனித நடமாட்டம் உள்ள தண்ணீர் என்றால் மாத்திரையும் போடுங்கள். குளோரின் டையாக்சைடு மாத்திரைக்கு பாக்டீரியா, வைரஸுக்கு அரை மணி, கிரிப்டோவுக்கு 4 மணி நேரம். அயோடின் கிரிப்டோவை ஒன்றும் செய்யாது. அடுப்பு இருந்தால் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க விடுங்கள், 2000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிஷம்.

அழுக்குத் தண்ணீர் மொள்ளும் பையும் குடிக்கும் பாட்டிலும் வேறு வேறாக இருக்கட்டும். நான் அழுக்குப் பையின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். தூக்கக் கலக்கத்திலும் மாறாது.

#14 வில்நாண்

அடுக்குவதில் என் பங்கு, சத்தம் பற்றி மட்டும். ஜிப்பின் உலோக நாக்கைக் கழற்றிவிட்டு மெல்லிய கயிறு கட்டுங்கள். வெல்க்ரோ வைத்த பையில் அவசரத்துக்கு வேண்டிய எதையும் வைக்காதீர்கள், பிரிக்கிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். மிச்ச வார்களைச் சுருட்டி ரப்பர் மாட்டுங்கள். கெட்டி பாட்டிலுக்குப் பழைய கம்பளிக் காலுறை போடுங்கள், கல்லில் பட்டாலும் சத்தம் வராது, சீக்கிரம் உறையவும் உறையாது. பையை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே பத்து தடவை குதியுங்கள். கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் தேடிப் பிடியுங்கள்.

#15 மான்தடம்

நல்ல பதிவு. அதோடு ஒன்று: கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பாருங்கள். ஹெட்லேம்ப், ரத்தக்கட்டு வார் (காயத்தில் ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டுவது), மழைச் சட்டை, தண்ணீர். இந்த நாலும் எதையும் வெளியே எடுக்காமல், பார்க்காமல், கைக்கு வர வேண்டும். என் ஹெட்லேம்ப் எப்போதும் மூடிப் பையின் (பையின் மேல் மூடியில் இருக்கும் சின்னப் பை) இடது மூலை. பத்து வருஷமாக இடம் மாற்றவில்லை. பை மாறினாலும் மூலை மாறாது.

அறுக்கும் சாமான் எல்லாம் ஒரே சின்னப் பையில்: கத்தி, மாற்று பிளேடு, இரண்டு ஜோடி கையுறை, காற்றோட்டமான துணிக் கறிப்பைகள் நாலு, கயிறு, உரிமச் சீட்டு, பேனா. வேட்டை விழும்வரை இது தேவையில்லை, அதனால் அடியில் போகலாம். கறியை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், சூடு வெளியேறாமல் கெட்டுவிடும். தண்ணீர் இருக்கிறதே என்று கறியைக் கழுவியும் வைக்காதீர்கள், ஈரம் நின்றால் சீக்கிரம் கெடும்.

இன்னொன்றும் மறக்காதீர்கள். கொம்பை முதுகில் கட்டி நடக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி ஒன்றை அதன்மேல் சுற்றுங்கள். புதருக்கு மேலே தெரிகிற கொம்பு இன்னொரு வேட்டைக்காரன் கண்ணுக்கு மான்தான்.

#16 ஓடைக்கரை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

25 கிலோ மணலை இரண்டு சாக்கில் கட்டி, ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவில் வைத்தேன். பிளாடர் பைக்குள், வழக்கமான இடத்தில். மாட்டிக்கொண்டு எழுந்தால், மான்தடம் அண்ணன் ஒரே வரியில் எழுதியது நடந்தது. குழாய் எட்டவில்லை. மணல் தடிமனுக்குப் பை பின்னால் போனதில் வாய்முனை அக்குளுக்குக் கீழே இழுத்துக்கொண்டு நின்றது. கழுத்தை முழுக்கத் திருப்பியும் உதட்டுக்கு நாலு விரல் பாக்கி. இறுக்கி இழுத்தபோது குழாய் சேரும் இடத்திலிருந்து ஒரு சொட்டு கசிந்தது. என் பழைய ஒழுகல் எப்படி நடந்திருக்கும் என்பதும் அப்போது புரிந்தது. அன்றும் பை பிதுங்க அடைத்து, குழாயை வளைத்து இழுத்துத்தான் மாட்டியிருந்தேன்.

பக்கவாட்டுப் பையில் பாட்டிலை வைத்தும் பார்த்தேன். வாரை இறுக்கியபின் அதை உருவ முடியவில்லை. இரண்டு பேர் சொன்னதும் சரி, இரண்டும் எனக்கு உதவவில்லை.

கடைசியில் வந்து நின்றது இது. இடது தோள்பட்டியில் 600 மில்லி பாட்டில் ஒன்று, மெல்லிய துணி உறையில், கைக்கு நேராக. கறி ஏறினாலும் அது நகராது. 1 லிட்டர் கெட்டி பாட்டில் காலுறையோடு, போகும்போது வலப் பக்கப் பையில். முக்காலி (டிரைபாட்) இடப் பக்கம் என்பதால் எடை சமமாகிறது. கறி ஏற்றியதும் பாட்டில் மூடிப் பைக்குப் போய்விடும், நிறுத்தத்தில் சின்ன பாட்டிலை அதிலிருந்து நிரப்பிக்கொள்வேன். பிளாடரைக் குழாயில்லாமல், வாயை அடைத்து, சுருட்டி வைத்திருக்கிறேன். முகாமுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் மொண்டு வர மட்டும்.

மணலோடு 4 கிலோமீட்டர் நடந்தேன். இரண்டு தடவைதான் பையை இறக்கினேன். தாகம் என்று எங்கேயும் நிற்கவில்லை.

#17 வில்நாண்

தோள்பட்டியில் பாட்டில் வில்லை இழுக்கும்போது நாணில் இடிக்குமே என்று யோசித்தேன். நீங்கள் துப்பாக்கி என்றால் தோளில் கட்டையை வைக்கும் பக்கம் இல்லாமல் மறுபக்கம் வைத்திருக்கிறீர்கள்தானே? வலது கைக்காரருக்கு இடது தோள் சரி. எனக்கு இடுப்பு பெல்ட்தான் ஒத்துவரும், வலப்பக்கம். இந்த வாரம் செய்து பார்க்கிறேன். குழாயை நீளமாக வாங்குவதும் மனதில் இருக்கிறது, இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

#18 மான்தடம்

தம்பி, மணல் கட்டி நடந்தது நல்ல காரியம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். அறுத்து முடித்துக் கையைக் கழுவியதும், பையை மாட்டுமுன், வயிறு கேட்கிற அளவு அங்கேயே உட்கார்ந்து குடித்துவிடுங்கள். அரை லிட்டர் குறைந்தால் முதுகில் அரை கிலோ குறைவு. போகிற வழியிலேயே திரும்பி வருவதாக இருந்தால், போகும்போது பாதி தூரத்தில் ஒரு முழு பாட்டிலை மரத்தடியில் வைத்து, ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள், காலி பாட்டில் காட்டில் கிடக்கக் கூடாது.

#19 மருந்துப்பெட்டி

ரத்தக்கட்டு வார் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே?

#20 ஓடைக்கரை

இடுப்பு பெல்ட்டின் வலப் பையில், அக்கா. கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில், இடது கையாலும் வலது கையாலும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். இடது கைக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது, ஜிப்பில் நீளமான கயிறு கட்டியதும் சரியாகிவிட்டது. ஹெட்லேம்ப் மூடிப் பையின் இடது மூலையில், மாற்று பேட்டரி சட்டைப் பையில். வெள்ளிக்கிழமை விடியலுக்கு முன் புறப்படுகிறேன், ராத்திரி உறையும் என்கிறார்கள். ஃபில்டர் கழுத்தில் கயிறு கட்டி உள்சட்டைக்குள் தொங்குகிறது.